கொடுப்பதும் கொள்வதும்: ஆங்கிலச் சொற்களில் திசை மயக்கம்

ஆங்கிலத்தில் மாணாக்கர் மயங்கும் சொற்கள் இரு வகைப்படும். ஒலியாலும் எழுத்தாலும் ஒத்திருந்து மயக்குவன ஒரு வகை. பொருளின் திசையால் மயக்குவன மற்றொரு வகை. முன்னைய வகைக்கே வகுப்பறைகளில் பெரும்பொழுது செலவாகிறது. நகராமல் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’க்கும், தாள், எழுதுகோல் முதலியவற்றைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’க்கும் உள்ள வேறுபாடு ஓரெழுத்தே: முன்னதில் ‘ஏ’, பின்னதில் ‘ஈ’. ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்து நூல் விற்றவரைக் குறித்த இலத்தீன் சொல்லே பின்னதற்கு மூலம் என்று சொல்லிவிட்டால், இரண்டும் உறவுச் சொற்கள் என்பது விளங்கும். நான்கு முறை எழுதிப் பார்த்தால் எழுத்தும் மனத்தில் நின்றுவிடும். தவறினாலும் படிப்பவருக்குப் பொருள் கெடுவதில்லை. பின்னைய வகை அத்தகையதன்று. அதில் தவறினால் கொடுத்தவன் வாங்கியவனாகிவிடுவான்.

‘பாரோ’, ‘லெண்ட்’ என்னும் இரு வினைகளை எடுத்துக்கொள்வோம். திருப்பித் தருவதாக ஒன்றை வாங்குவது பாரோ. திரும்பப் பெறுவதாக ஒன்றைக் கொடுப்பது லெண்ட். ஆனால் ‘உன் பேனாவை எனக்குப் பாரோ செய்வாயா?’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் கேட்கும் பிள்ளைகள் மலேசியப் பள்ளிகளில் ஏராளம். தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமா? மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அப்படியே. மலாயில் ‘பிஞ்ஜாம்’ என்னும் ஒரே அடிச்சொல் இரண்டுக்கும் பொது. ‘கான்’ என்னும் விகுதி சேர்ந்தால் கொடுப்பதென்று தெளிவாகும்; பேச்சில் அவ்விகுதி உதிர்ந்துவிடுவதும் உண்டு. மாண்டரினில் ‘ஜியே’ என்னும் வினை இரு திசைக்கும் வரும். தமிழிலோ வினை தெளிவாகவே இருக்கிறது: இரவல் வாங்கு, இரவல் கொடு. பின் தமிழ்ப் பிள்ளை மயங்குவானேன்? கரும்பலகையில் இரண்டுக்கும் நேரே ‘கடன்’ என்று ஒரே சொல்லை எழுதிப் போடுவது ஒரு பெருங்காரணம். பெயரைத் தந்து வினையை விட்டுவிட்டால் திசை போய்விடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலம் திசை பார்த்துச் சொல்லைப் பிரிக்கிறது. தமிழ், திரும்பி வருவது எது என்று பார்த்தும் பிரிக்கிறது. கொடுத்த பொருளே திரும்பினால் இரவல்: புத்தகம், குடை, நகை. அதற்கு ஈடான வேறொன்று திரும்பினால் கடன். சில நாளில் வட்டியின்றித் தீர்ப்பது கைமாற்று. அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதற்குக் குறியெதிர்ப்பை என்றே ஒரு சொல் உண்டு. 221ஆம் குறளில் அது வருகிறது. பக்கத்து வீட்டில் ஒரு டின் அரிசி வாங்கிச் சம்பளம் வந்ததும் அதே டின்னால் அளந்து திருப்பும் தோட்டத்துத் தாய்மார் செய்வது இதுவே. சொல்தான் அவர்கள் அறியாதது. ஆங்கிலத்திலோ பேனாவுக்கும் லெண்ட், பதினாயிரம் வெள்ளிக்கும் லெண்ட்.

ஆகவே இச்சொற்களைத் தனித்தனியே பொருளெழுதிக் கற்பிப்பதைவிட, ஒரு நிகழ்ச்சியை இரு வாக்கியமாகச் சொல்லவைப்பதே நன்று. மாலா கவிதாவிடமிருந்து ஒரு புத்தகம் இரவல் வாங்கினாள். கவிதா மாலாவுக்கு அப்புத்தகத்தை இரவல் கொடுத்தாள். தமிழில் ‘இடமிருந்து’ என வரும் முன்னதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபிரம்’. ‘கு’ உருபு வரும் பின்னதற்கு ‘டு’. இரு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒரு புத்தகத்தைக் கைமாற்றச் செய்து, அவரவர் வாக்கியத்தை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்யலாம். பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது பிள்ளை இரண்டையும் சொல்லட்டும். மறதிக்கு மருந்தாக ஒன்று: லோன், லெண்ட் இரண்டும் ஒரே குலத்துச் சொற்கள். வங்கி லோன் கொடுக்கும் என்பது பிள்ளைகள் அறிந்ததே. எனவே வங்கி செய்வது லெண்ட்.

திசையறிந்து சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என நான்கை எடுத்து, வருதலும் தருதலும் தன்மை முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என வரையறுத்தார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும் வேறுபாடு இது. ஆனால் ‘கம்’, ‘கோ’ இரண்டும் ஏறக்குறைய அவ்விதியை ஒட்டியே நடக்கின்றன. நண்பனிடம் தொலைபேசியில் ‘உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்பதே தமிழ். ஆங்கிலத்திலும் அங்கே கம் வரவேண்டும், கோ அன்று. ‘பிரிங்’ என்பதும் ‘டேக்’ என்பதும் முறையே கொண்டு வா, கொண்டு போ. மலாயில் இரண்டுக்கும் ‘பாவா’ என்ற ஒன்றே வழங்குவதால் குழப்பம் நேரலாம். தாய்மொழியை நம்பும் தமிழ்ப் பிள்ளைக்கு நேராது. வாசலில் நின்று ‘போய் வருகிறேன்’ என்பதை மட்டும் சொல்லுக்குச் சொல் மாற்றிவிடக் கூடாது. அது நம் மங்கல வழக்கு.

‘டீச்’, ‘லேர்ன்’ இரண்டைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. படித்துக்கொடு, படி என்ற வீட்டு வழக்கே போதும். முன்னாளில் ஆங்கிலேயரே லேர்ன் என்பதைக் கற்பித்தல் பொருளிலும் ஆண்டனர். சேக்சுபியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் அவ்வாட்சி உண்டு. அதைக் காட்டி இன்று தேர்வில் மதிப்பெண் பெற முடியாது.

வகுப்பறைக்கு வெளியே இம்மயக்கம் பணத்தில் போய் முடியும். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தைத் தாத்தா பாட்டிக்குப் படித்துச் சொல்வது பல குடும்பங்களில் பள்ளிப் பிள்ளைதான். 1951இல் அமைந்த ஊழியர் சேமநிதியின் கணக்கை ஆங்கிலத்தில் படித்தால் ‘எம்ப்ளாயர்’ பங்கு, ‘எம்ப்ளாயீ’ பங்கு என இரண்டு உண்டு. முன்னவர் வேலை கொடுப்பவர். பின்னவர் அதைச் செய்பவர். மாதம் 2,000 வெள்ளி பெறும், 60 வயது நிரம்பாத மலேசியத் தொழிலாளிக்கு எம்ப்ளாயர் செலுத்த வேண்டியது 13 விழுக்காடு, அதாவது 260 வெள்ளி. தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது 11 விழுக்காடு, 220 வெள்ளி. இரண்டையும் மாற்றிப் படித்தால், குறைவு நேர்ந்தபோது யாரைக் கேட்பது என்றே தெரியாது. ‘ஈ’ ஒலியில் முடியும் இத்தகைய சொற்கள் பெரும்பாலும் வினையின் பயன் வந்து சேர்பவரைக் குறிக்கும்: பணம் பெறுபவர் ‘பேயீ’, பயிற்சி பெறுபவர் ‘ட்ரெய்னீ’. பள்ளிக்கு வராதவரைக் குறிக்கும் ‘அப்சென்டீ’ இதற்கு விலக்கு.

கடன் பத்திரத்தில் இவ்விதி உதவாது. அங்கே ‘லெண்டர்’, ‘பாரோவர்’ இரண்டும் ஒரே ஒலியில் முடிகின்றன. வினையை அறிந்தவரே ஆளை அறிவர். உரிமம் பெற்று வட்டிக்குக் கொடுப்பவர், ஒப்பந்தத்தின் முத்திரையிட்ட படி ஒன்றைப் பணம் கொடுக்குமுன்பே பாரோவரிடம் சேர்க்க வேண்டும் என்பது மலேசியாவின் 1951ஆம் ஆண்டு வட்டிக் கடன் சட்டம். அந்தப் படியைக் கேட்டு வாங்க வேண்டியவர் தாத்தா. கொடுக்க வேண்டியவர் லெண்டர்.