சென்னை தூரமா, கொழும்பு தூரமா?

கல்முனையில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ஒன்றேகால் மணித்தியாலம்தானே" என்பார். அது கட்டுநாயக்கவிலிருந்து விமானம் பறக்கும் நேரம். வான்வழியில் 700 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் எமது வர்த்தகரின் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லையே!

இரவு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில்தான் கொழும்பு. எந்தப் பாதையால் போனாலும் 300 கிலோமீற்றருக்கு மேல். பிறகு விமான நிலையம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. நண்பகல் விமானம் என்றால் மண்ணடி லொட்ஜில் பையை வைக்கும்போது மாலையாகிவிடும். மீனம்பாக்கத்திலிருந்து மண்ணடிக்கு இப்போது நேரடியாக மெட்ரோ ரயில் இருப்பது ஓர் ஆறுதல். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ இருபது மணித்தியாலம். அதில் ஆகாயத்தில் கழிவது ஒன்றேகால் மட்டுமே.

எமது மூத்த வியாபாரிகளின் காலத்தில் வழி வேறு. மட்டக்களப்பில் ரயிலேறி, மாகோ சந்தியில் வண்டி மாறித் தலைமன்னார் போகலாம். கொழும்பைத் தொடத் தேவையில்லை. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடிக் கப்பல் சேவைக்குக் கடல் தூரம் 22 மைல்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. யுத்தம் தொடங்கியதும் 1984இல் அதுவும் நின்றது.

இன்று காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் உண்டு. 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் வந்தது. கடலில் நான்கு மணித்தியாலம் அளவில்தான். யாழ்ப்பாணத்தாருக்கு அது வரப்பிரசாதம். எமக்கோ யாழ்ப்பாணமே ஒரு நாள் பயணம். நாகையிலிருந்து சென்னைக்கு இன்னும் 300 கிலோமீற்றர். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம் கைகொடுக்கும் என்று நம்பினோம். அதன் வாயில் மண் மூடிய கதையை இங்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியது டிக்கட் விலையை மட்டுமல்ல, கடை மூடியிருக்கும் நாட்களையும்தான். பலர் ஜும்ஆவை முடித்துக்கொண்டு வெள்ளி இரவு புறப்படுகிறார்கள். சனி மாலை போய்ச் சேர்வார்கள். மறுநாள் ஞாயிறு, சௌகார்பேட்டையில் மொத்தக் கடைகள் அநேகமாக மூடியிருக்கும். லொட்ஜ் வாடகையும் சாப்பாடும் வீண். சனி இரவு புறப்பட்டால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கொள்வனவு செய்யலாம். வியாழன் விமானத்தில் திரும்பி, வெள்ளி காலை ஊர் வந்து சேரலாம். வெள்ளியன்று எப்படியும் இங்கே அரைநாள் வியாபாரம்தான். பெருநாள் சீசனில் ஒரு சனிக்கிழமைக் கல்லாப்பெட்டி எவ்வளவு என்பது முதலாளிமாருக்குத் தெரியும்.