இறுதிவரை நிலைத்தல்

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருவழியில் நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள். பல நாள் நடந்த அடியார்கள் ஒட்டன்சத்திரத்தையும் சத்திரப்பட்டியையும் கடந்து ஆயக்குடியை வந்தடைகின்றனர். பாதங்கள் கொப்பளித்திருக்கின்றன. பழனிக்கு இன்னும் சில கல் தொலைவே உண்டு. எனினும் அந்தச் சில கல்லே பெரும்பாடு. அவர்களுள் ஒருவரை நிறுத்தி, “இவ்வளவு தூரம் எப்படி நடந்தீர்கள்?” என்று வினவினால், “நான் எங்கே நடந்தேன்? முருகன் அல்லவா நடத்தி வந்தான்!” என்பார். ஆயினும் நடந்த கால்கள் அவருடையவையே.

மாணவ நண்பர்களே, நடந்தவன் மனிதனா, நடத்தியவன் இறைவனா என்னும் இவ்வினாவே கிறிஸ்தவ சமயத்தில் பதினாறு நூற்றாண்டுகளாக ஆராயப்பட்டு வருவது. விசுவாசத்தில் இறுதிவரை நிலைத்திருப்பவனே மீட்படைவான் என்பது இயேசு பெருமானின் போதனை. அந்நிலைபேறு மீட்புக்கு மனிதன் கொடுக்கும் விலையா? அன்றி மீட்பின் ஒரு பகுதியாக அவன் பெறும் கொடையா?

நூல்களுக்குள் புகுமுன், நம் நாட்டு மனிதர் ஒருவரைக் காண்போம். இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்பு அம்மன்னருக்கே படைத்தலைவராக விளங்கிய டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டன் சோர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். செல்வமும் மக்களும் உடல்நலமும் பறிபோன பின்னரும் இறைவனைக் கைவிடாதவன் யோபு. இழப்பின் கதையைக் கேட்டு ஒருவர் ஒரு சமயத்தைத் தழுவினார் என்பது சிந்திக்கத்தக்கது. ஆதாயத்தை நாடி வருபவருக்கு யோபுவின் கதை உகந்ததன்று.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் சிறைப்படுத்தப்பட்டார். குற்றச்சாட்டு சமயம் பற்றியதா, அரசியல் பற்றியதா என்று வாதிடுவோர் உளர். எவ்வாறாயினும், எருமையின்மீது பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார் என்றும், அடிபட்ட புண்களில் மிளகாய்ப்பொடி தடவப்பட்டது என்றும் மரபு கூறுகிறது. ஏறத்தாழ மூன்றாண்டு இவ்வாறு கழிந்தது. ஒரே நாளில் வரும் சாவைத் துணிவுடன் ஏற்பவர் பலர் உண்டு. நாள்தோறும் காலையில் எழுந்து அதே துன்பத்தை மீண்டும் ஏற்பது வேறு வகை வீரம். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தகைய உறுதி எங்கிருந்து வருகிறது? ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகஸ்தீன் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். நிலைத்திருத்தலும் இறைவனின் கொடையே, ஆகையால் அதனை நாளும் வேண்டிப் பெறுதல் வேண்டும் என்பது அவர் முடிவு. 1547-இல் திரெந்து சங்கம், தனி வெளிப்பாடு இன்றி எவனும் தான் முடிவுவரை நிலைப்பது திண்ணம் என்று சொல்ல இயலாது என வரையறுத்தது. கால்வின் வழியினரோ 1618–19-இல் டார்ட் நகரில் கூடி, இறைவன் தெரிந்துகொண்டவர்கள் தவறி விழுந்தாலும் முற்றும் வீழ்ந்துபோகார் என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, பெற்ற அருளை மனிதன் இழக்கவும் கூடும் என்று எச்சரித்தார். வெஸ்லியின் மெதடிஸ்டு மரபினரும், கால்வினின் வழிவந்த மரபினரும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயினர் என்பது ஒரு சுவையான செய்தி. ஒரு கேள்விக்கு இரு விடைகளை வைத்துக்கொண்டும் ஒரே ஆலயத்தில் வழிபடலாம் போலும்!

நிலைக்காதவர்களின் கதி என்ன? இதுவே இப்பொருளின் கடினமான பகுதி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ், யாவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டுமெனக் கட்டளையிட்டான். அஞ்சிப் பலியிட்டோர் பலர். பலியிடாமலே, பலியிட்டதாகச் சான்றுச் சீட்டை விலைக்கு வாங்கியோரும் உண்டு. புயல் ஓய்ந்தபின் இவர்கள் கண்ணீருடன் திரும்பினர். சேர்க்கலாகாது என்றார் ரோம் நகரத்து நொவாசியன். கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியனோ, தவம் செய்தபின் சேர்க்கலாம் என்ற பக்கமே நின்றார். திருச்சபை சிப்ரியனின் வழியையே ஏற்றது. வேறு எவ்வாறு தீர்ப்பளித்திருக்க முடியும்? தம் ஆண்டவரையே மும்முறை மறுதலித்த பேதுரு அல்லரோ அத்திருச்சபையின் தலையாய திருத்தூதர்! எனவே நிலைத்தல் என்பது ஒருமுறையும் வீழாதிருத்தல் மட்டுமன்று; வீழ்ந்தபின் திரும்பி வருதலும் அதனுள் அடங்கும். சிப்ரியனும் 258-இல் தம் விசுவாசத்திற்காகத் தலை கொடுத்தார்.

நட்டாலத்து நீலகண்டனை 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் அப்பேறு முதன்முதல் பெற்றவர் அவரே. திருமுழுக்கின்போது அவருக்கு இடப்பட்ட பெயர் லாசரு. ‘இறைவன் உதவினான்’ என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதன் தமிழாக்கமே நாம் அவரை அழைக்கும் தேவசகாயம். சிறையும் எருமையும் காற்றாடிமலையும் வருவதற்கு முன்னரே, 1745-இலேயே, அப்பெயர் அவருக்குச் சூட்டப்பட்டுவிட்டது.