காசநோய்: மாத்திரை அட்டையோடு பருப்புப் பையும்

தென்காசி மாவட்டத்துப் பனவடலிசத்திரத்தில் ஒருவருக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் உறுதியானால், அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. மாத்திரை அரசிடமிருந்து இலவசமாகக் கிடைக்கும். ஆறு மாதம் வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு நோய் தீர்ந்துவிடும். நிலைமை மோசமானால் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ இருக்கிறது. இந்த ஏற்பாடு இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இதை மருத்துவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். மாற்றியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. உலகம் முழுவதும் ஏழை நோயாளிகளுக்கு வழி திறந்த ஆய்வு அது. ஆனால் அதைப் படித்த விதத்தில் ஒரு பிழை நுழைந்தது. காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும் என்று பல பத்தாண்டுகள் நினைத்தோம். கரிசல் பக்கத்து மானாவாரி ஊர்களில் அந்த நினைப்புக்கு நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் இன்னும் விலை கொடுக்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மருந்து வருவதற்கு முன்பு காசநோய்க்கு இருந்த ஒரே நம்பிக்கை சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என்று ஊட்டமான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. மருத்துவர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையப் பெயராக நிற்கிறது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சிறிது காலம் இருந்தார். இப்படிப்பட்ட இடங்களில் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தியாவின் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. 1940களின் பிற்பகுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் மருந்துகள் வந்தபோது எழுந்த கேள்வி இதுதான்: இந்த மருந்தை ஏழையின் குடிசையில் வைத்துக் கொடுத்தால் வேலை செய்யுமா?

அதற்குப் பதில் தேடி 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்திய அந்த மையத்தின் முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பிரிவு வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஐசோநியசிட், பாஸ் என்ற அதே மருந்துகள். 1959இல் முடிவு வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், குறைவாக ஓய்வெடுத்தார்கள். அப்படியும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவிவிடவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு முக்கியக் காரணமாயிற்று. பனவடலிசத்திரத்துக்காரர் இன்று வீட்டிலிருந்தே குணமாக முடிகிறதென்றால், அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதே ஆய்வாளர்கள் 1961இல் உணவைத் தனியாகவும் ஆராய்ந்து எழுதினார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு அதிகமாக எடை கூடினார்கள். ஆனால் நோய் அடங்குவதை உணவு தீர்மானிக்கவில்லை என்று அந்தக் கட்டுரை சொன்னது. அது பொய்யில்லை. முறையாக மருந்து சாப்பிட்டால் சளியிலிருந்து கிருமி போகுமா என்ற கேள்விக்கு அதுவே சரியான விடை. பிழை அந்த விடையை வேறு கேள்விகளுக்கும் இழுத்துக்கொண்டு போனதில்தான் இருக்கிறது. 193 பேரை வைத்து, எந்த எடையில் இருப்பவர் சாகிறார், எந்த எடையில் இருப்பவர் பிழைக்கிறார் என்று சொல்ல முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். குடும்பத்தார் விஷயத்திலும் இதே கதை. சானடோரியத்தின் பாலும் முட்டையும் நோயாளிக்குத்தான் கிடைத்தன. வீட்டில் இருந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இரு பிரிவிலும் அதே அரைவயிறுதான். இரு பிரிவிலும் அவர்களில் சிலருக்கு நோய் வரத்தான் செய்தது. அவர்கள் வயிறாரச் சாப்பிட்டிருந்தால் நோய் வந்திருக்குமா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

கேட்டிருக்க வேண்டிய காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. காசநோய்க் கிருமி உடம்பில் நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நம் நாட்டில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கிருமித் தொற்று இருப்பதாகத் தேசிய அளவிலான கணக்கெடுப்பு காட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நோயாளி ஆவதே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் காவல் தளரும்போதுதான் நோய் வெடிக்கிறது. எச்.ஐ.வி., சர்க்கரை நோய், புகை, மது எல்லாம் அதைத் தளர்த்துகின்றன. இந்தியாவில் இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் போதிய உணவில்லாமை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை எண் ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் குறைவதாகப் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2010இல் சொன்னது.

அறுபது ஆண்டுகளாகக் கேட்காமல் விட்ட கேள்வியை அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியர் சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து கேட்டார்கள். இடம் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஆய்வு. 2,800 நோயாளிகளும் அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேரும் இதில் சேர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பை கொடுத்தார்கள். குடும்பத்தார் விஷயத்தில் பாதிப் பகுதிகளில் மட்டும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 கலோரி, 23 கிராம் புரதம். கூடவே நுண்ணூட்டச் சத்தும். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் முடிவு வந்தது. பை கிடைக்காத 4,724 பேரில் 122 பேருக்கு நோய் வந்தது. பை கிடைத்த 5,621 பேரில் 96 பேருக்கு. மற்ற வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்டால் காசநோய் 39 சதவீதம் குறைவு. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைவு. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசி செய்யக்கூடிய வேலையைச் செய்திருக்கின்றன.

ஆயிரத்துக்கு 26 என்பது 17 ஆனது பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஏறத்தாழ முப்பது குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒரு நோயாளி குறைவார் என்பது அதன் பொருள். ஆனால் காசநோயாளி ஒருவர் குறைவது ஒருவரோடு நிற்பதில்லை. அவரிடமிருந்து தொற்றியிருக்கக்கூடிய மற்றவர்களும் தப்பிக்கிறார்கள். அத்தோடு, பசி தீர்வது நோய் தடுப்பதற்கு வெளியிலும் நல்லதுதான். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. யாருக்குப் பை கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவதுபோல் போலிச் சோறு கொடுக்க முடியாது. அதனால் கண்காணிப்பிலும் பரிசோதனையிலும் சாய்வு வந்திருக்கலாம் அல்லவா? வந்திருக்கலாம். ஆனால் இரு பிரிவினரையும் ஒரே முறையில் திரும்பத் திரும்பச் சென்று பரிசோதித்தார்கள். சாய்வு இருந்தால்கூட, பை கிடைத்தவர்கள் ஆய்வுப் பணியாளரை அடிக்கடி சந்தித்ததால் அவர்களிடம் நோய் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு. முடிவு அதற்கு நேரெதிராக இருக்கிறது.

நோயாளிகள் பற்றிய பகுதியில் நான் இன்னும் எச்சரிக்கையாக இருப்பேன். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாகும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவு என்று அந்த ஆய்வு சொல்கிறது. 40 கிலோ இருப்பவருக்கு அது 2 கிலோ. இங்கே நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கிடைத்தது, கிடைக்காதவர்களோடு ஒப்பிடவில்லை. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடியவர்களாக இருந்ததால் எடை கூடியதா என்பதை இந்தக் கணக்கு மட்டும் பிரித்துச் சொல்லாது. கிழக்குத் திமோரின் டிலி நகரில் நோயாளிகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது; சிகிச்சையை முழுதாக முடிப்பவர்களின் எண்ணிக்கையை உணவு உயர்த்தவில்லை என்றது. இதை எடுத்துக்காட்டி உணவு பயனற்றது என்பவர்கள் உண்டு. அது சிகிச்சையைப் பாதியில் விடுவதைப் பற்றிய கேள்வி. பசியால் வரும் நோயும் சாவும் வேறு கேள்வி. ஒரு கேள்வியின் விடையை இன்னொன்றின் தலையில் கட்டும் பழைய பிழைதான் இங்கேயும்.

சாவைப் பற்றிய கேள்விக்குத் தமிழ்நாட்டில் நடைமுறையில் ஒரு பதில் உருவாகியிருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் உறுதியான உடனேயே சுகாதாரப் பணியாளர் சில எளிய அளவுகளை எடுக்கச் சொல்கிறது: எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், காலில் வீக்கம் இருக்கிறதா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா. உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் அது ஒன்றே ஆபத்து அறிகுறி. அவரை மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்குள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் இந்தக் கணக்கில் வருபவர். காசநோய்ச் சாவுகளில் கணிசமானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடப்பதால், முதல் நாள் எடை பார்க்கும் கருவி எக்ஸ்-ரேக்கு இணையான மதிப்புடையது. வீட்டிலேயே எல்லோரையும் குணப்படுத்தலாம் என்ற 1959இன் பாடத்துக்கு, மிக மெலிந்தவர்களைத் தவிர என்ற விலக்கை இந்தத் திட்டம் சேர்த்திருக்கிறது.

ஜார்க்கண்டில் நடந்தது நமக்குப் பொருந்துமா என்பதே இங்கே அதிகம் எழக்கூடிய ஆட்சேபம். அங்கே ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். தமிழ்நாட்டிலோ ரேஷன் அரிசி இலவசம். யாரும் பட்டினி கிடப்பதில்லை என்பார்கள். அரிசி விஷயத்தில் அது பெருமளவு உண்மை. பருப்புக்கு வருவோம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் அதை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் பருப்பு. புரதம் இரண்டு கிராம்கூட வராது. ஜார்க்கண்டில் கொடுத்த பையில் பருப்பு மட்டும் ஆளுக்கு ஐம்பது கிராம். நம் அட்டையில் கலோரி இருக்கிறது, புரதம் இல்லை. உளுந்தும் பாசிப்பயறும் விளைகிற கரிசல் பக்கத்திலேயே, கூலிக்குப் போகிற வீட்டில் அந்தப் பயறு தட்டுக்கு வருவது விலையைப் பொறுத்திருக்கிறது. விதைத்தவர் விற்றுவிடுகிறார், வாங்கக் காசில்லாதவர் ரசத்தோடு சாப்பிட்டு எழுகிறார். பீடி சுற்றியும் நூறு நாள் வேலைக்குப் போயும் ஓடுகிற வீட்டில் ஒருவர் ஆறு மாதம் படுத்தால் முதலில் குறைவது பருப்பும் முட்டையும்தான்.

சர்க்கரை நோயை முன்வைத்து எழும் ஆட்சேபம் நியாயமானது. தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததாக 2012இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அவர்களில் பலர் மெலிந்தவர்கள் அல்லர். அவர்கள் வீட்டில் கூடுதல் அரிசி மூட்டையைக் கொண்டுபோய் இறக்குவது கெடுதல். அதனால்தான் முதலில் எடை பார்க்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், பிறகு பை. பையிலும் அரிசியைக் குறைத்துப் பருப்பு, பயறு, முட்டை, நிலக்கடலை என்று போவதுதான் இந்த மாநிலத்துக்கு ஏற்றது. உணவு மருந்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆட்டுக்கால் சூப்பையும் புரதப் பவுடரையும் நம்புகிறவர் உயிரோடு விளையாடுகிறார். கிருமியைக் கொல்வது மருந்து மட்டுமே.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் தொடங்கிய நிக்ஷய் போஷன் யோஜனாவில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கிடைத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். குடும்பத்தாருக்கும் உணவுப் பை கொடுக்கலாம் என்று 2024இல் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் அது ‘நிக்ஷய் மித்ரா’ எனப்படும் கொடையாளர்கள் முன்வருவதைப் பொறுத்தது. கொடையாளர்களை நான் குறைத்துப் பேசவில்லை. பெரிய நகரத்தில் நிறுவனங்கள் கிடைக்கும். பனவடலிசத்திரம் போன்ற ஊருக்கு யார் வருவார்கள்? நோயாளிக்கு வரும் ஆயிரம் ரூபாயும் தனி உலையில் வேகாது. வீட்டுப் பானையில்தான் சேரும், சேரவும் வேண்டும். பிள்ளைக்கு முட்டையில்லாமல் தான் மட்டும் சாப்பிடும் தாய் எங்கே இருக்கிறார்? அப்படிப் பங்கிடப்படும் ஆயிரம் ரூபாய் நோயாளிக்கும் போதாது, மற்றவர்களுக்கும் போதாது.

புதிதாக ஓர் அமைப்பை உருவாக்க வேண்டிய அவசியமில்லை. ரேஷன் கடை ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்பது அட்டையிலேயே இருக்கிறது. காசநோயாளியின் பெயர் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவாகிறது. இரண்டையும் இணைத்து, முதல் மாத்திரை கொடுக்கும் நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை அந்த அட்டைக்குத் தலைக்கு மாதம் ஒன்றரைக் கிலோ பருப்பு கூடுதலாகப் போட முடியும். நோயாளியைத் தவிர நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு அது மாதம் 6 கிலோ, ஆறு மாதத்துக்கு 36 கிலோ. அட்டையில் நோய் எழுதப்பட்டால் கடை வரிசையில் நிற்பவருக்கு அவமானம். ஆகவே எந்த நோய் என்பது விற்பனையாளருக்குத் தெரியாதபடி ஒதுக்கீடு மட்டும் ஏற வேண்டும். தென்காசி போன்ற ஒரு மாவட்டத்தில் இதைச் செய்து, இரண்டு ஆண்டு அந்த வீடுகளில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், ஜார்க்கண்டின் விடை கரிசலுக்கும் பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும். அதை எண்ணித் தரக்கூடிய நிறுவனம் சென்னை சேத்துப்பட்டில் 1956 முதல் இருக்கிறது.