குதிரை என்றால் பயமா?

தஞ்சாவூர்க் குழந்தைகளுக்குத் தெரிந்த குதிரை பொய்க்கால் குதிரைதான். அது உதைக்காது! மெரினாவில் நிஜக் குதிரையைக் கண்டு 'வேண்டாம்மா' என்று அழுகிற குழந்தையைப் பிடித்து ஏற்றிவிடாதீர்கள், பயம் கூடிவிடும். சாதுவான கிழட்டுக் குதிரையாகப் பாருங்கள். காதைப் பின்னால் மடக்கினால் அதற்குக் கோபம்! பின்பக்கம் போகாமல், தோள் பக்கமாக நின்று கழுத்தைத் தடவட்டும். முதல் நாளுக்கு அது போதும்.

ஏறும்போது தலைக்கவசம் அவசியம். கடிவாளம் பழகியவர் கையில் இருக்கட்டும். அங்கவடியில் முன்பாதம் மட்டும், குதிகால் தாழ்ந்து. விழுந்தாலும் கால் மாட்டாது.

உங்களுக்கே ஆசையா? இதே முறைதான். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலுக்கு 1944-ல், கர்ப்பமாக இருந்தபோது போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே அசைவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஏறி இறங்க மட்டும் பிறர் கை கொடுத்தார்கள்.