முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமரா: புதுசா, பழசா... எதைப் பார்த்து வாங்குவது?

“முதல் தடவையா கேமரா வாங்கப்போறேன், எது நல்லா இருக்கும்?” இந்தக் கேள்வியை ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து மாடல் பெயர்கள் பதிலாக வரும். கடைக்குப் போனால் ஆறாவதாக ஒன்று வரும். எதைப் படம் எடுக்கப்போகிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதல் சம்பளத்திலோ, மாதத் தவணையிலோ வாங்கும் பொருள் இது. தவறான தேர்வு என்றால் இன்னொன்று வாங்க உடனே பணம் புரளாது. இரண்டு மாதம் கழுத்தில் தொங்கிவிட்டு, பிறகு பீரோவுக்குள் போய்விடும் கேமராக்கள் ஏராளம். அப்படி ஆகாமல் இருக்க, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

டி.எஸ்.எல்.ஆரில் அப்படி என்ன இருக்கிறது?

லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே சாய்வாக இருக்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடும். நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது அந்தக் காட்சிதான். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சாரில் விழும். ‘க்ளிக்’ என்று கேட்பது இந்த அசைவின் சத்தம்.

போனைவிட இதன் பெரிய பலம் சென்சாரின் அளவு. ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர்.களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 22 முதல் 24 மி.மீ. அகலம் கொண்டது. விலை உயர்ந்த போன்களில்கூட இது பெரும்பாலும் 10 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. சென்சார் பெரிதாக இருந்தால் அதிக ஒளி கிடைக்கும். குறைந்த வெளிச்சத்திலும் படம் சுத்தமாக வரும்.

ஆனால், போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, சேர்த்து, மெருகேற்றித் தருகிறது. டி.எஸ்.எல்.ஆர். அந்த வேலையைச் செய்யாது. ஆட்டோ மோடிலேயே வைத்துச் சுட்டால், ‘போன்லயே இதைவிட நல்லா வந்துச்சே’ என்றுகூடத் தோன்றலாம். கற்றுக்கொள்ள ஆசை இருப்பவர்களுக்கான கருவி இது.

இந்தக் காலத்தில் இதை வாங்கலாமா?

நியாயமான சந்தேகம். கேனான், நிக்கான் இரண்டும் 2018-ல் ஆர்எஃப், இசட் என்ற புதிய லென்ஸ் மவுன்ட்களோடு மிரர்லெஸ் கேமராக்களுக்குத் தாவத் தொடங்கின. இவற்றில் அந்தக் கண்ணாடி கிடையாது. 2020-ல் உலக அளவில் அனுப்பப்பட்ட மிரர்லெஸ் கேமராக்களின் எண்ணிக்கை முதல்முறையாக டி.எஸ்.எல்.ஆரைத் தாண்டியது. சோனி 2021-ல் தன் பழைய ஏ-மவுன்ட் கேமராக்களின் விற்பனையை முடித்துக்கொண்டது. பென்டாக்ஸ் மட்டும் இன்னும் டி.எஸ்.எல்.ஆர். பக்கமே நிற்கிறது.

அப்போ டி.எஸ்.எல்.ஆர். வீணா? அப்படியில்லை. பலர் மிரர்லெஸுக்கு மாறுவதால் நல்ல நிலையில் உள்ள பழைய பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. குறைந்த பணத்தில் தொடங்க நினைப்பவருக்கு இது சாதகம். பேட்டரியும் நீடித்து உழைக்கும். நிக்கான் டி3500-ல் ஒரு சார்ஜுக்கு 1,550 படங்கள் என்பது நிறுவனக் கணக்கு.

வீடியோதான் முக்கியம் என்றால் மட்டும் கணக்கு மாறும். கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டிலும் வெளி மைக் செருக இடமே கிடையாது. வீடியோவில் ஃபோகஸும் தடுமாறும். யூடியூப் சேனல் கனவோடு இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் சேமித்து மிரர்லெஸ் வாங்குவதே நல்லது.

மெகாபிக்சல் எவ்வளவு வேண்டும்?

ஏ4 அளவில் தரமாக அச்சிடச் சுமார் 9 மெகாபிக்சல் போதும். கல்யாண ஆல்பத்தில் வரும் 12-க்கு 18 அங்குலப் பக்கத்துக்குக்கூட 20-க்குள்தான் தேவை. கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர்.கள் பெரும்பாலும் 24 மெகாபிக்சல் கொண்டவை. எனவே, இந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

என்ன எடுக்கப்போகிறீர்கள்?

விடை தெரியவில்லை என்றால் போனில் கேலரியைத் திறந்து கடைசி 200 படங்களைப் பாருங்கள். முகங்கள் அதிகமா, தெருக் காட்சிகளா, பறவைகளா, சாப்பாடா? எந்த லென்ஸ் தேவை என்பதற்கான பதில் அங்கேயே இருக்கும்.

கேமராவோடு வழக்கமாக வருவது 18-55 மி.மீ. கிட் லென்ஸ். பகல் வெளிச்சத்துக்கும், ஊர் சுற்றுவதற்கும், கற்றுக்கொள்வதற்கும் இது தாராளம். சிக்கல் வெளிச்சம் குறையும்போது வரும். இரவு நேர சாமி ஊர்வலத்தை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட் லென்ஸைக் கிட்டத்தட்ட 50 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். 1/15 விநாடியில் கலங்கலாக வரவேண்டிய படம் 1/125 விநாடியில் தெளிவாக வரும். பாடியை எவ்வளவு செலவழித்து மாற்றினாலும் இந்த வித்தியாசத்தை எளிதில் எட்ட முடியாது.

முகங்களும் மண்டப நிகழ்ச்சிகளும் உங்கள் விருப்பம் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 எடுக்கலாம். ஏபிஎஸ்-சி பாடியில் இது கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும். வீட்டுக்குள், தெருவில் எடுப்பவர்களுக்கு 24 அல்லது 35 மி.மீ. வசதி. வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று பறவைகளைத் தேடிப்போகிறவர்களுக்கு 250 அல்லது 300 மி.மீ. வரை எட்டும் ஜூம் தேவை.

கேனானா, நிக்கானா?

படத் தரத்தில் ஆரம்ப நிலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால், ஒரு நிறுவனத்தின் லென்ஸ் இன்னொன்றில் நேரடியாகப் பொருந்தாது. அதனால் முதல் பாடியைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்த சில ஆண்டுகளுக்கான லென்ஸ் குடும்பத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள். அண்ணனிடமோ, நண்பரிடமோ கேமரா இருந்தால் அதே நிறுவனத்தை எடுப்பது புத்திசாலித்தனம். லென்ஸை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

நிக்கான் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. விலை குறைவு என்று 50 மி.மீ. எஃப் 1.8 ‘டி’ லென்ஸை வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் என்று குறிப்பிட்ட ‘ஜி’ லென்ஸைக் கேட்டு வாங்க வேண்டும். டி7200 போன்ற பாடிகளில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை.

நாளை மிரர்லெஸுக்கு மாறினால் இந்த லென்ஸ்கள் என்ன ஆகும்? கேனானின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆர்எஃப் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் இசட் பாடிகளில் அதே வசதி உண்டு.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

கையில் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் சேர்த்து 50, இரண்டாவது லென்ஸுக்கு 35, மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பைக்கு 15 என்று ஒதுக்கலாம். முழுப் பணத்தையும் பாடியிலேயே போட்டுவிட்டுக் கிட் லென்ஸோடு நின்றுபோவதுதான் பலருக்கும் நடப்பது. பாடியின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரியும். நல்ல லென்ஸின் விலை அவ்வளவு வேகமாகச் சரியாது.

செகண்ட் ஹேண்டில் எதைப் பார்ப்பது?

நேரில் போய், கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. போகும்போது சொந்த மெமரி கார்டும் ஒரு சின்ன டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள்.

* ஷட்டர் கவுன்ட்: இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு இது. டி3500 போன்ற பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டவை. நிக்கானில் இந்த எண் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். கேனானில் பெரும்பாலும் கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்துத் தனி மென்பொருளில்தான் பார்க்க முடியும். 20,000, 30,000 என்றால் கவலையில்லை. 80,000-ஐத் தாண்டியிருந்தால் விலையில் அது தெரிய வேண்டும்.

* சென்சார்: எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ, வானத்தையோ எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் தூசு. அதைச் சுத்தம் செய்துவிடலாம். கோடுகளோ கீறல்களோ தெரிந்தால் விலகிவிடுங்கள்.

* லென்ஸ்: பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் இது சகஜம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

* பில்: அதில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பில் இல்லை என்றால் திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு.

எல்லா பட்டன்களையும் அழுத்தி, ஃபிளாஷ் போட்டு, நூறு படம் எடுத்துப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு கேமரா பார்க்கலாம்.

வாங்கிய பிறகு?

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வைத்தால் பூஞ்சை பயம் குறையும். ஜெல் ஈரமாகிவிட்டால் மாற்ற வேண்டும். லென்ஸைத் துணி முனையால் துடைக்கும் பழக்கமே வேண்டாம்.

முதல் மாதம் ஆட்டோ மோடைத் தொடாமல், ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்று குறித்திருக்கும் மோடில் துவாரத்தை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துப் பழகலாம். பின்னணி எப்போது மங்குகிறது, எப்போது தெளிகிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டால் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

இன்னும் குழப்பம் தீரவில்லையா? பல ஊர்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து, வழக்கமாகப் படம் எடுக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ப் பாருங்கள். மதியத்துக்குள் கை வலித்து மறுபடியும் போனையே தேடினால், அந்த வாடகையோடு செலவு முடிந்தது. சாயங்காலம் வரை கீழே வைக்க மனமில்லை என்றால், செகண்ட் ஹேண்ட் பாடி ஒன்றை அடுத்த வாரமே தேடத் தொடங்கலாம்.