கடைச் சுவருக்குக் கருஞ்சாம்பல் நிறம் அடிக்கலாமா?



தைப் பொங்கலுக்கு முன் வெள்ளை அடிப்பது நம் கொங்கு நாட்டு வழக்கம். காப்புக் கட்டுவதற்குள் வீடும் கடையும் சுத்தமாகிவிடும். சென்ற ஆண்டு அந்தச் சமயத்தில் எங்கள் மகன், "எல்லாக் கடையும் வெள்ளைதானுங்கப்பா, நம்ம கடை தனியாத் தெரியட்டும்" என்று கருஞ்சாம்பல் நிறம் கேட்டான். கோவை ரங்கே கவுண்டர் வீதியில் நெடுங்காலமாக மொத்த வியாபாரம் செய்து வரும் நாங்கள் மறுக்கவில்லை. நான்கு சுவருக்கும் மேற்கூரைக்கும் அதே நிறம் அடித்தாயிற்று. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, பல்லடம் பக்கத்திலிருந்து வரும் பழைய வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும், "ஏனுங்க, கரண்ட் இல்லீங்களா? சினிமாக் கொட்டாய் மாதிரி இருக்குது" என்றார். துவரம் பருப்பை ஒரு கை அள்ளி, வீதிக்குப் போய் வெயிலில் பார்த்துவிட்டு வந்தார். "சரக்கு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இருட்டுல வெச்சு விக்கற மாதிரி தெரியுதுங்க" என்றார். அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. எடையில் வராத சந்தேகம், சுவரின் நிறத்தால் வந்துவிட்டது.

காரணம் எளியது. வெள்ளைச் சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைத் திருப்பித் தரும். கருஞ்சாம்பல் பத்து சதவீதம் தந்தால் அதிகம். அதே டியூப் லைட், அதே பருப்பு. ஆனால் மங்கித் தெரியும். ஈடுகட்ட விளக்கைக் கூட்டினால் மின்கட்டணம் ஏறும்.

அடர்ந்த நிறத்துக்கும் இடம் உண்டு. நம் ஊரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டியது நாம் அறிந்ததே. சினிமா அரங்கில் சுவர் அடர்ந்த நிறமாக இருந்தால்தான் கண் திரையில் நிற்கும். நகைக்கடைக்காரர் தங்கத்தைக் கறுப்பு வெல்வெட்டில் வைப்பதும் அதற்காகவே. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்ட அந்த நிறம் உதவும். மளிகையிலோ நூறு சரக்கை வாடிக்கையாளர் தரம் பார்த்து வாங்க வேண்டும்.

எனவே மூன்று சுவரையும் கூரையையும் மீண்டும் வெள்ளையாக்கினோம். மேலே வெள்ளை ஏற ஒரு கோட்டிங் கூடுதலாகப் பிடித்தது. கல்லாவுக்குப் பின் உள்ள சுவரை மட்டும் கருஞ்சாம்பலாகவே விட்டு, அங்கே விளக்குப் போட்டு முந்திரி, நெய், ஏலக்காய் அடுக்கினோம். மகனுக்கும் மகிழ்ச்சி, வாடிக்கையாளருக்கும் நிறைவு.

அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்:

கிடங்குக்கு வெள்ளையே நல்லது. எலி சுவரோரமாக ஓடும்போது அதன் உடல் அழுக்கு வெள்ளையில் கறையாகத் தெரியும்; வண்டு ஊர்வதும் தெரியும். அடர்ந்த நிறம் இரண்டையும் மறைத்துவிடும். ஆனால் மைதா, கடலை மாவுத் தூசியும், ஈரச் சுவரில் பூக்கும் உப்பும் கருஞ்சாம்பலில் பளிச்சென்று தெரியும்.

ஷேட் கார்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டடிப் பலகையில் அடித்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கடைக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். பளபளப்பு பெயிண்ட் சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டிக் கொடுக்கும். மேட் வகை மறைக்கும். ஆனால் கழுவக்கூடிய வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போது மூட்டைகளை வெளியேற்றி, சுவரை நனைத்தே சுரண்ட வேண்டும். உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் பெயிண்ட் உதிரக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் சொல்கின்றன.

பிள்ளைகள் புதுமை கேட்டால் தடுக்க வேண்டாம். ஒரு சுவரைக் கொடுங்கள். சரக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள். வாடிக்கையாளர் நம் கடைக்குள் நின்றே பருப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக வீதிக்குப் போகும்படி நாம் வைக்கக் கூடாது.