பால் சர்க்கரைக்கு மயங்கும் ஈரல்!

வீட்டுக்கு ஓர் இல்லத்தரசி என்றால், உடலுக்குக் கல்லீரல். ஓய்வு என்பதே கிடையாது. சாப்பாட்டில் கிடைத்த சர்க்கரையை உக்கிராணத்தில் பூட்டி வைப்பது, பித்தநீர் சுரப்பது, ரத்தம் உறைவதற்கு வேண்டிய சாமான்களைத் தயாரிப்பது, விழுங்கிய மருந்தைச் சிதைத்து வெளியே அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு.

இன்னோர் ஆச்சரியம்: மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், மிஞ்சியிருக்கும் நல்ல ஈரல் பருத்துப் பழைய அளவை எட்டிவிடும். அப்படியானால் சோதனைச் சாலையில் அதை வளர்ப்பது என்ன பிரமாதம் என்கிறீர்களா? அங்கேதான் சங்கடம்!

வெளியே எடுத்து வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால், ஈரலின் உயிரணுக்கள் சில நாட்களிலேயே தொழிலை மறந்துவிடுகின்றன. உயிர் இருக்கும், வேலை நடக்காது. பிறந்த வீட்டு நினைவில் மூலையில் வாடி உட்கார்ந்திருக்கும் புதுப்பெண் மாதிரி!

1989-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். உடலில் உயிரணுக்களைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கூழாக்கி, கீழே பாயாகவும் மேலே போர்வையாகவும் விரித்து, நடுவில் எலியின் ஈரல் அணுக்களைப் படுக்க வைத்தார்கள். பாய் மட்டும் இருந்தபோது ஒரு வாரத்தில் ஓய்ந்தவை, போர்வையும் கிடைத்ததும் 42 நாட்கள் சளைக்காமல் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைச் சுரந்தன!

ஜப்பானியர் செய்த தந்திரம் வேறு. ஈரல் அணுவின் மேல் ஒரு விசேஷ வாசல் உண்டு. காலக்டோஸ் என்ற சர்க்கரையைக் கண்டால் அது 'வா' என்று பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுப் பாலில் உள்ள சர்க்கரையில் பாதி அந்தக் காலக்டோஸ்தான். 1980-களில் கஸுகியோ கோபயாஷி, தோஷிஹிரோ அகாய்கே முதலியோர், தெர்மாகோல் செய்யப்படும் அதே பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டார்கள். தோரணத்தில் மாவிலை கட்டுவது போல, அதன் நீண்ட சங்கிலியில் பால் சர்க்கரையைத் தொங்கவிட்டார்கள். அதைப் பூசிய தட்டில் ஈரல் அணுக்கள் ஆசையாய் ஒட்டிக்கொண்டன. பூச்சு அடர்த்தியாக இருந்தால் தட்டையாகப் பரவாமல் உருண்டையாகவே இருந்தன. அந்த உருண்டைக் கோலத்தில்தான் அவை தம் தொழிலை நன்றாக நினைவு வைத்திருக்கின்றன.

இதனால் நமக்கென்ன லாபம்? புது மருந்து ஈரலைக் கெடுக்குமா என்று, மனிதருக்குக் கொடுக்கும் முன்பே இந்த அணுக்களிடம் கேட்டுவிடலாம். திடீரென்று ஈரல் செயலிழந்த நோயாளிக்கு, மாற்று ஈரல் கிடைக்கும் வரை உயிரைத் தாங்கும் கருவியும் செய்யலாம். பன்றியின் ஈரல் அணுக்களை வைத்து அப்படியொரு கருவியை 171 நோயாளிகளிடம் பரீட்சை செய்தார்கள். முடிவு 2004-ல் வெளியாயிற்று. கருவியின் உதவி பெற்றவர்களில் 100-க்கு 71 பேர் 30 நாட்களைத் தாண்டினார்கள். பெறாதவர்களில் 62 பேர். கருவியால்தான் பிழைத்தார்கள் என்று அடித்துச் சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை.

கருவி செய்வது ஒரு பாதி வேலைதான். உள்ளே குடியிருக்கும் அணுக்கள் தொழிலை மறக்காதிருக்க வேண்டுமே! அதற்கு அவை 'இது நம் வீடு' என்று நம்ப வேண்டும். ஒரு துளி பால் சர்க்கரைக்காக விஞ்ஞானிகள் இத்தனை பாடுபட்டது அதற்காகத்தான்.